நாலாவது படி

வீட்டுக்குள் இருக்கும்வரை கரிச்சானைப் போலச் சாதுவான நாய் கிடையாது. கழுத்தில் கயிறு ஏறினால் போதும், வேறு யாரோ உள்ளே புகுந்துகொண்டது போல ஆகிவிடும். எதிரே வருவது இன்னொரு நாயோ, குடை பிடித்த ஆளோ, சைக்கிளோ, எதுவானாலும் சரி, முதலில் ஓர் உறுமல். அப்புறம் பின்னங்காலில் எழும்பி, கயிறு அறுந்துவிடும் போல இழுத்து, ஊரையே கூட்டிவிடும்.

அதை வளர்த்தவர் ஒரு லிப்ட் மெக்கானிக். நாற்பது கட்டடங்களின் லிப்ட்கள் அவர் பொறுப்பில் ஓடின. அவர் குடியிருந்ததோ லிப்டே இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். "ஊருக்கெல்லாம் லிப்ட், நமக்கு மட்டும் முட்டி வலி" என்று மனைவி படியேறும்போதெல்லாம் குத்திக்காட்டுவாள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு லிப்ட் குழிக்குள், எண்ணெய்ப் பிசுக்கோடு நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தார். பிள்ளையில்லாத வீட்டுக்குக் கடவுள் அனுப்பியது என்று மனதார நம்பினார். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது குடியிருப்புச் சங்கத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்திருந்தது. அதற்குக் காரணம் சங்கச் செயலாளர்தான். கட்டட வாசலில் கரிச்சான் பாய்ந்தபோது அவர் அங்கே நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டர் மேலோ ஏறிவிட்டார். ஸ்கூட்டர் சாய்ந்தது; அவரும் சாய்ந்தார். இன்னொரு புகார் வந்தால் நாய் இந்தக் கட்டடத்தில் இருக்கக்கூடாது என்று கடிதம் சொன்னது. இந்த நாயை ஏற்க எந்தச் சொந்தக்காரரும் முன்வர மாட்டார். மிச்சம் இருப்பது நகராட்சியின் நாய் வண்டி. அதில் ஏறிய வளர்ந்த நாய் எதுவும் திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கட்டடத்தில் கரிச்சானுக்கு ஒரே ஒரு சிநேகிதி உண்டு. முதல் மாடியில் குடியிருக்கும் ஐந்து வயது வாண்டு. மெக்கானிக்கின் மனைவி தினமும் நாலரை மணிக்குக் கயிறு மாட்டி நாயை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும்போது, பள்ளி விட்டு வந்த வாண்டு பிஸ்கட்டோடு படியேறும். மேலிருந்து நாலாவது படியில் அது கால் வைத்ததும் கரிச்சான் "உர்ர்" என்னும். "சரி, சரி" என்று வாண்டு பெரிய மனுஷி மாதிரிச் சொல்லி, பிஸ்கட்டை அந்தப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போகும். ஒரு நாளும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

கால்நடை மருத்துவர் ஒரு பயிற்சியாளரின் எண்ணைக் கொடுத்தார். போனை எடுத்த அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"உறுமுதா, இல்ல நேரா பாயுதா?"

"முதல்ல உறுமும் மேடம். அப்புறம்தான் பாயும்."

"நல்லது."

"எது மேடம் நல்லது?"

"உறுமுறதுதான். பயமா இருக்கு, தள்ளிப் போன்னு வாயத் திறந்து சொல்லுது. அதுக்காகத் திட்டிடாதீங்க. பயம் போகணும். தூரத்துல நிக்க வெச்சு, கறித்துண்டு குடுத்து, பொறுமையா பண்ணணும். ரெண்டு மூணு மாசம் ஆகும். நான் வர்றதுக்கே இன்னும் பத்து நாள் ஆகுமே."

மெக்கானிக் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "என் தலைமேல கத்தி தொங்குது. இந்தம்மா உறுமுறது நல்லதுங்கிறாங்க."

மறுநாள் செயலாளரே மேலேறி வந்து ஓர் அட்டையை நீட்டினார். "எனக்கும் உன் நாய்க்கும் பகை ஒண்ணும் இல்லப்பா. இங்க கொண்டு விடு. என் மச்சான் நாய் இப்ப பொம்மை மாதிரி இருக்கு."

அட்டையில் இருந்த இடம் ஊருக்கு வெளியே ஒரு பயிற்சி முகாம். முற்றம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் பன்னிரண்டு நாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. புது ஆள் வந்திருக்கிறார், புது நாய் வந்திருக்கிறது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தலையைத் தூக்கவில்லை. ஈ பறப்பது கேட்டது. எல்லாக் கழுத்திலும் ஒரே மாதிரி அகலமான கறுப்புப் பட்டை. மெக்கானிக் அந்தப் பட்டைகளையே பார்த்தார்.

"ஒழுக்கம்" என்றார் முகாம்காரர், அவர் பார்வையைப் புரிந்துகொண்டு. "ரெண்டே வாரம். வாயை அடைச்சுத் தர்றேன். கவலையே படாதீங்க."

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று தொண்டைவரை வந்தது. சட்டைப்பையில் இருந்த கடிதம் நினைவுக்கு வந்தது. கேள்வியை விழுங்கிவிட்டார். கரிச்சான் வலைக்கு அந்தப் பக்கம் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்து முகாம்காரர் சொன்ன சொல் தவறாமல் ஒப்படைத்தார். கரிச்சான் காலோடு ஒட்டி நடந்தது. எதிரே சைக்கிள் போனது, குடை போனது, தெருநாய் போனது; ம்ஹூம். கழுத்தில் அந்தக் கறுப்புப் பட்டை. அதன் அடியில் ஒரு சின்னப் பெட்டி, தோலில் படும்படி இரண்டு உலோக முனைகள். "இதைக் கழட்டாதீங்க. என்னைக்காவது உறுமினா இந்த ரிமோட் பட்டனை ஒரு தட்டு தட்டுங்க, சின்னதா ஷாக் அடிக்கும். தேவையே படாது."

தேவையே படவில்லை. செயலாளர் தெருவில் கைகொடுத்தார். "பாத்தியா? பொம்மை!"

வீட்டில் மட்டும் ஏதோ சரியில்லை. அழைப்பு மணி அடித்தால் ஓடிவரும் நாய், கட்டிலுக்கடியில் சுவரோடு முதுகை ஒட்டிக் கிடந்தது. மனைவி வேலையிலிருந்து வந்தால் முனகுவதில்லை. தட்டில் சோறு வைத்தால், தின்னலாமா என்று கேட்பது போல அவர்கள் முகத்தைப் பார்த்தது.

"சத்தம் போட்டாலும் திட்டுறோம், சும்மா இருந்தாலும் குறை சொல்றோம்" என்று மெக்கானிக் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். அன்றிரவு ஜெபத்தில் நாயின் பெயரைச் சேர்த்துக்கொண்டபோது நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, மனைவி டம்ளரை வைத்துக்கொண்டே சிரித்தாள். "வாண்டு பண்ற அலும்பைக் கேட்டீங்களா? திங்கக்கிழமை மூணாவது படிக்கு வந்துச்சு. நேத்து ரெண்டாவது படி. கரிச்சான் ஒண்ணுமே சொல்லலையாம், பழகிடுச்சாம். இன்னைக்குக் கையாலயே ஊட்டப்போறாளாம்."

அவரும் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்று மாலை நாலேகால் மணிக்கு ஒரு துணிக்கடையின் லிப்டுக்குள் நின்றிருந்தார். ஆட்கள் அதிகமானால் கத்தும் மணியைப் பற்றிக் கடை மேலாளர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேர் கூட ஏறினாப் போதும், கத்தித் தொலைக்குது. கஸ்டமர் மூஞ்சியச் சுளிக்கிறாங்க. அந்த ஒயரைப் பிடுங்கி விட்டுருங்களேன்."

வருடத்துக்குப் பத்து பேராவது கேட்பது. பதிலும் மனப்பாடம். "மணியைப் பிடுங்கினா எடை குறைஞ்சிடுமா சார்? சுமை அப்படியேதான் இருக்கும். முன்னாடி கத்திச் சொல்லும், இனிமே சொல்லாம..."

வாக்கியம் பாதியில் நின்றது. கையில் ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது.

மூணாவது படி. ரெண்டாவது படி. இன்னைக்குக் கையால.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சார்ஜில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்திருப்பாள். பயிற்சியாளர் அம்மாளுக்குப் போட்டார். பைக்கை நோக்கி நடந்தபடியே மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

"போங்க. ஓடாதீங்க, கத்தாதீங்க, நாயைக் கூப்பிடாதீங்க. அந்தப் பட்டனை மட்டும் தொட்டுடாதீங்க. குழந்தைய மெதுவா பின்னால வரச் சொல்லுங்க. நானும் கிளம்புறேன்."

வழியில் எத்தனை சிக்னல் என்று அவருக்கு நினைவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தைதான் வாயில் வந்தது. கடவுளே, கடவுளே.

இரண்டாம் மாடிப் படிக்கட்டில் திரும்பியபோது அவர்கள் மூவரும் இருந்தார்கள். மனைவி கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நின்றாள். கரிச்சானுக்குப் பின்னால் சுவர். முன்னால், கடைசிப் படியில், உள்ளங்கையில் பிஸ்கட்டோடு வாண்டு. நாயின் வாய் இறுக மூடியிருந்தது. வால் அசையவில்லை. கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரிந்தது. படிக்கட்டில் ஒரு சத்தமும் இல்லை. முகாமில் கேட்ட அதே அமைதி.

"கண்ணு" என்றார், கடைக்குப் போய் வந்தவர் போன்ற குரலில். "பிஸ்கட்டை நாலாவது படியில வெச்சுடுறியா? எப்பவும் போல?"

"இப்பதான் அது உறுமுறதே இல்லையே மாமா" என்று வாண்டு அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கை மட்டும் முன்னே நீண்டது.

அவர் ஒரே எட்டில் இடையில் புகுந்து குழந்தைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவ்வளவுதான் தெரியும். நீலச் சட்டையின் கை கனத்தது. கரிச்சான் கடித்தது, கடித்தபோதும் சத்தமில்லை. உடனே விட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி வெடவெடவென்று நடுங்கியது.

"கயிறைத் தளர்த்து" என்றார் மனைவியிடம். "கண்ணு, நீ கீழ போ. மெதுவா."

கதவைச் சாத்தியதும் மனைவி அழுதுகொண்டே அவர் கையைக் கழுவிவிட்டாள். நான்கு ஓட்டைகள். "யாரும் பாக்கலீங்க. மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடலாம். குழந்தைக்கு என்ன தெரியும். தெரிஞ்சா வண்டியில ஏத்திடுவாங்க."

அவர் கட்டிலுக்கடியில் பார்த்தார். இரண்டு கண்கள் தெரிந்தன.

"ஒரு தடவை சத்தத்தை அடைச்சது போதும்மா" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, கட்டோடு நேராக முதல் மாடிக் கதவைத் தட்டினார். செயலாளரையும் அங்கேயே வரச் சொன்னார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

வாண்டின் அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நீங்க வரலேன்னா என் பொண்ணைக் கடிச்சிருக்குமா?"

"கடிச்சிருக்கும்மா. முகத்துல."

செயலாளர் தரையைப் பார்த்தார். அட்டையைக் கொடுத்த கை அவருடையது.

"பொய் சொல்லியிருக்கலாமே" என்றாள் வாண்டின் அம்மா. "நான் நம்பியிருப்பேன்." மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். "அந்தப் பயிற்சிக்காரம்மா என்ன சொல்றாங்க?"

பயிற்சிக்காரம்மா அதற்குள் மேலே வந்து தரையில் உட்கார்ந்து, நாயைத் தொடாமல், ஒரு மணி நேரம் காத்திருந்து பட்டையைக் கழற்றியிருந்தார். கழுத்தில் முடியுதிர்ந்து இரண்டு புண்கள். "முதல்ல அதுக்குத் திரும்ப உறுமக் கத்துக்குடுக்கணும்" என்றார் கீழே வந்து. "சொன்னா கேப்பாங்கங்கிற நம்பிக்கை போயிடுச்சு. வருமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுவரைக்கும் வெளியே போனா வாய்க்கூடு. குழந்தை கிட்டயே வரக்கூடாது."

வாண்டின் அம்மா ஒப்புக்கொண்டாள். செயலாளர் கீழே போய், பின்பக்கப் படிக்கட்டின் சாவியைக் கொண்டுவந்து வைத்தார். பத்து வருடமாக யாருக்கும் கொடுக்காத சாவி. கடைசிக் கடிதம் மட்டும் அப்படியே இருந்தது. இன்னொரு புகார் என்றால் இன்னொரு புகார்தான்.

மெக்கானிக் மாடி வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு கம்பிக் கதவு பொருத்தினார். ஐந்து வாரம் போனது. ஆறு போனது. பின்படிக்கட்டு, வாய்க்கூடு, கறித்துண்டு, தூரம். கரிச்சான் முகத்தைத் திருப்பினால் போதும், எல்லாரும் இரண்டடி பின்னே போனார்கள். காதை மடித்தால் போதும், போனார்கள். ஆனாலும் சத்தம் வரவில்லை. அந்த அமைதிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மெக்கானிக் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு தூங்கப் போவார்.

ஏழாவது வாரம், பட்டப்பகலில், செயலாளர் தண்ணீர்த் தொட்டி பற்றி ஏதோ கேட்க யோசனையில்லாமல் முன்படிக்கட்டில் ஏறி வந்தார். கம்பிக் கதவுக்குள் கரிச்சான் நின்றிருந்தது. நாலாவது படியில் அவர் கால் பட்டது.

"உர்ர்."

மெல்லிய, துருப்பிடித்த சத்தம். உள்ளேயிருந்த மெக்கானிக் எட்டிப் பார்த்தார். செயலாளர் சிலையானார். அவர் முகம் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. வாயைத் திறந்தார்.

கீழே, முதல் மாடிக் கதவிடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "தாத்தா, அப்ப சரி சரின்னு சொல்லிட்டுக் கீழ இறங்கணும்!"

செயலாளர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார். கம்பிக்குப் பின்னால் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு படி இறங்கினார். இன்னொன்று இறங்கினார்.

"சரி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிப்பா, சரி."

கரிச்சான் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, மூச்சுவிட்டது.