ராஜஸ்ரீயின் டப்பா

ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடிக்கும். என் போனில் அல்ல, பார்கவியின் போனில். எழுந்து அதை நிறுத்துவேன். திரும்ப சார்ஜில் போடுவேன். பல் தேய்ப்பேன். வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சுவேன். ஃபில்டரில் இரண்டு ஸ்பூன் பொடி, அதன் மேல் வெந்நீர். டிகாஷன் இறங்கும்வரை மேடையைத் துடைப்பேன். ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டீல் டப்பா இருக்கிறது. மூடியில் மராத்தியில் இரண்டு எழுத்து, புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதைத் தொடாமல் சுற்றித் துடைப்பேன். குளித்து, சட்டை போட்டு, ஏழு பத்துக்குக் கதவைப் பூட்டுவேன். வீடு மூன்றாவது மாடியில்தான். ஆனால் படியில் இறங்கினால் இரண்டாவது மாடியில் ராஜஸ்ரீயின் கதவைக் கடக்க வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருப்பேன்.

ஒரு வருஷமாக இப்படித்தான்.

புனேயில் நாங்கள் இருக்கும் சிஞ்ச்வட்டிலேயே, கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. அளவுக்குள் இருந்தால் பச்சைப் பெட்டி. இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. யோசிக்க ஒன்றும் இல்லை.

ஐந்து நாற்பது பார்கவி பேசும் நேரம். கல்யாணமான புதிதில் யாரிடமோ போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை.

"காலங்கார்த்தால யார்கிட்ட?"

"இயேசுகிட்ட."

"என்னவாம்?"

"நேத்து உன்கிட்ட கத்தினது தப்புன்னு சொல்லிண்டிருந்தேன்."

"அதை என்கிட்டன்னா சொல்லணும்."

"உன்கிட்ட அப்புறம். முதல்ல அவர்கிட்ட சொல்லிப் பழகிடுத்து."

அவளுக்குக் கல்லூரியில் ஒரு தோழி இருந்தாள். அவளோடு பிம்ப்ரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் தமிழ் ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, தோழி கனடா போன பிறகும் போய்க்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டே போவாள். ஔந்தில் இருக்கும் அவள் அம்மா தர்மாம்பாளுக்கு விஷயம் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். ஞானஸ்நானம் மட்டும் பார்கவி எடுக்கவில்லை. "அம்மா இருக்கிறவரைக்கும் வேண்டாம்னு அவர்கிட்ட கேட்டுண்டேன்" என்றாள். "சரின்னுட்டாரா?" என்றேன். "கோச்சுக்கலை" என்றாள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. எனக்கு எந்தப் பக்கமும் நம்பிக்கை இருந்ததில்லை.

ராஜஸ்ரீ கீழே இருநூற்று நாலாம் ஃப்ளாட்டில் வாடகைக்கு வந்தவள். கூட இருந்த ஆளுக்கு நாசிக்கில் மனைவி இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் பெயர் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதுவார்கள். குடும்பங்கள் வசிக்கும் இடம், குழந்தைகள் இருக்கும் இடம் என்று. பார்கவி அவள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கொத்தமல்லிக் கட்டோடு வருவாள். ராஜஸ்ரீயின் பால்கனி முழுக்கச் செடிகள்.

"அவ பண்றது சரின்னு நினைக்கிறியா?" என்று கேட்டேன்.

"எனக்கு இயேசுவைத் தெரியும். அவருக்கு அவளைத் தெரியும். நடுவுல நான் எதுக்கு?"

போன ஆகஸ்டில் பார்கவிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் ராஜஸ்ரீ ஒரு டப்பாவில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்தாள். நெய், ஜீரகம் போட்டது. பார்கவி அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் ஐசியூ.

அன்று காலை மாநகராட்சி ஆட்கள் எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். ராஜஸ்ரீயின் பால்கனியில், செடிகளுக்காகத் தண்ணீர் பிடித்துவைத்த நீல டிரம்மில் கொசுப் புழு இருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார்கள். நானும் பார்த்தேன். நெளிந்துகொண்டிருந்தது. கொசு எங்கே பிறந்து யாரைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஐசியூவில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் போனேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். "கீழ வீட்டுக்காரியாலதான். அவ டிரம்ல முழுக்கப் புழு. அவளைச் சும்மா விட மாட்டேன்." பார்கவி என்னைப் பார்த்தாள். மூக்கின் மேலிருந்த மாஸ்க்கை நகர்த்தி ஏதோ சொன்னாள். நர்ஸ் வந்து மாஸ்க்கைச் சரிசெய்து என்னை வெளியே அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் தொண்டையில் குழாய் போட்டார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை. இரண்டு நாள் இருந்தாள்.

எரித்துவிட்டு வந்த அன்று குழுவில் ஒரு வரி எழுதினேன். என் மனைவியைக் கொன்றவர் 204-இல் இருக்கிறார். அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் ராஜஸ்ரீயோடு பேசவில்லை. அந்த ஆளும் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவள் மட்டும் இருந்தாள்.

மயானத்திலேயே தர்மாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடைசில ராமான்னாளா மாப்பிள்ளை? உள்ள நீங்கதானே இருந்தேள்."

"ஆமாம்மா. சொன்னா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போதும் என்று தலையாட்டினார்.

பத்து நாள் கழித்து நீலா சிஸ்டர் வந்தார். அந்த ஜெபக் கூட்டத்தில் பார்கவிக்கு மிகவும் நெருக்கமானவர். மயானத்தில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தவர். உட்காராமலே கேட்டார். "பிரதர், கடைசில அவர் பேரைச் சொன்னாளா? சிலுவைல இயேசுவுக்குப் பக்கத்துல தொங்குன கள்ளன் கடைசி நிமிஷத்துல அவரைக் கூப்பிட்டதே போதுமா இருந்துச்சு. அதான் கேக்குறேன்."

"சொன்னா சிஸ்டர்."

அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு இரண்டு பொய்யும் சுலபமாக இருந்தன. உண்மையைச் சொன்னால் அவள் சொன்னதைச் செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் பொய் வளர்ந்தது. தர்மாம்பாள் உறவினரிடம் சொல்லும்போது பார்கவி மூன்று தடவை ராமா என்றாள், கை கூப்பினாள். நீலா சிஸ்டர் சொல்லும்போது அவள் முகம் பிரகாசித்தது. கேட்டுக் கேட்டு எனக்கும் கேட்க ஆரம்பித்தது. அலாரத்தை நிறுத்திவிட்டு இருட்டில் நிற்பேன். சமையலறையிலிருந்து அவள் குரல் வரும். ஒரு நாள் ராமா என்று. ஒரு நாள் இயேசுவே என்று. இரண்டும் அவள் குரல்தான். அவள் நிஜமாகச் சொன்ன வார்த்தைகள் எனக்கு நினைவிருந்தன. குரல்தான் தேய்ந்துகொண்டே வந்தது. சில மாதங்கள் கழித்து உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பயமாக இருந்தது.

முதல் வருஷத் திதி வியாழக்கிழமை முடிந்தது. தர்மாம்பாள் ஒரு வாரமாக என் வீட்டில்தான் இருந்தார். சனிக்கிழமை காலை நீலா சிஸ்டர் வந்தார். ஞாயிறு கூட்டத்தில் பார்கவிக்காக நினைவு ஜெபம். அதற்கு அச்சடித்த அட்டைகள் ஒரு பையில் இருந்தன. என்னிடம் ஒன்றை நீட்டினார். நான் வாங்குவதற்குள் தர்மாம்பாள் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பார்கவியின் படம். கீழே ஒரு வரி. கடைசியாக அவள் உச்சரித்தது இயேசுவின் நாமம்.

"இதை யார் சொன்னா?"

"பிரதர்தாம்மா சொன்னாங்க" என்றார் நீலா சிஸ்டர்.

"என்கிட்ட ராமான்னாள்னார்."

குக்கர் ஒரு விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டாளோ என்னவோ" என்றார் தர்மாம்பாள். "சின்ன வயசுலேர்ந்து யாரையும் விட்டுக்குடுக்க மாட்டா."

"அது எப்படிம்மா முடியும்?"

"எனக்கென்ன தெரியும்? உள்ள இருந்தவரைக் கேளுங்கோ."

இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். பச்சைப் பெட்டியா சிவப்புப் பெட்டியா என்று நான் சொல்ல வேண்டும்.

"ரெண்டும் இல்லை" என்றேன்.

நீலா சிஸ்டர் அப்போதுதான் உட்கார்ந்தார். "நான் சபையில எழுந்து நின்னு சொல்லிருக்கேன் பிரதர். ஞானஸ்நானம் எடுக்காதவளுக்கு எதுக்கு ஜெபம்னு கேட்டாங்க. அவ இயேசு பேரைச் சொல்லித்தான் போனான்னு சொல்லி வாயை அடைச்சேன்."

"தப்பு என்னோடது."

"அப்போ அவ எங்க இருக்கா? நான் எதை வச்சு நம்புறது?"

"தினம் காலைல அவரோட பேசிண்டிருந்தா சிஸ்டர். நாலு வருஷம். நான் கேட்டிருக்கேன்."

"அது சபைல யாருக்கும் தெரியாதே."

"உங்க இயேசுவுக்குத் தெரியுமோல்லியோ?" என்றார் தர்மாம்பாள்.

தர்மாம்பாள் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்போ என்னதான் சொன்னா?" என்று கேட்டார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். டப்பாவை எடுத்தேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக மூடியைத் திறந்தேன். இறுகியிருந்தது. அடியில் கஞ்சி காய்ந்து காகிதம் மாதிரி சுருண்டிருந்தது. அதில் ஸ்பூன் போன தடம் இருந்தது. அவள் சாப்பிட்டுவிட்டு நிறுத்திய இடம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தண்ணீர் ஊற்றினேன். ஊறியதும் தேய்த்தேன். தடம் போய்விட்டது. துடைத்தேன்.

மற்றவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போடு என்பாள் பார்கவி. எனக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை. சர்க்கரை போட்டேன். மூடினேன்.

"யாரோடது?" என்றார் தர்மாம்பாள்.

"கீழ் வீட்டோடது."

"அந்தப் பொம்மனாட்டிக்கா?"

"ஆமாம்மா."

படியில் இறங்கினேன். பதினெட்டுப் படி. மணி அடித்தேன். உள்ளே யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கதவு திறக்க நேரமாயிற்று.

ராஜஸ்ரீ இளைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பால்கனி தெரிந்தது. ஒரு செடி இல்லை. தரையில் தொட்டிகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை. டிரம் நின்ற இடத்தில் பெரிய வட்டம்.

டப்பாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"தூக்கி எறிந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றாள், இந்தியில்.

"இல்லை."

"நான் டிரம்மை மூடிவைத்திருக்க வேண்டும். மூடி உடைந்திருந்தது. நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று."

சரி என்று சொல்ல முடியவில்லை. அவளை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. பார்கவி காலையில் பேசிய அந்த இயேசுவிடம், லிஃப்டில் நிற்கும்போது சில நாள் நானும் பேசிப் பார்த்திருக்கிறேன். பதில் வந்ததில்லை. இவளை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அதை முடிவு செய்யச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

ராஜஸ்ரீ டப்பாவை வாங்கிக்கொண்டாள். எடை தெரிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தாள். சர்க்கரையைப் பார்த்தாள். சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"டிரம் விஷயம் அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"கேட்டுவிட்டு என்ன சொன்னாள்?"

இந்தியில்தான் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது ஐசியூவின் குளிர் திரும்ப வந்தது, மருந்து வாசனை வந்தது, பிறகு குரல் வந்தது. ராமா என்று இல்லை, இயேசுவே என்று இல்லை. மூச்சு வாங்கியது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, நான் கடையில் எதையோ வாங்க மறந்துவிட்டு வந்து நிற்பதைப் போல. மாஸ்க்கை இரண்டு விரலால் நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"ராஜஸ்ரீ டப்பா நம்மகிட்டயே இருக்கு. அலம்பிக் குடு. வெறுமனே குடுத்துடாதே."