மூலை உருகிய கேசட்

துலுக்கானத்துக்கு இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், இடுப்புக்குக் கீழே லுங்கி. மேசை மறைத்துவிடுவதால் டிவி பார்க்கிறவர்களுக்கு லுங்கி தெரியாது. திருமுல்லைவாயிலில் எங்கள் பக்கத்து நானூறு வீட்டுக்கும் அவன்தான் கேபிள்காரன். சனிக்கிழமை ராத்திரி படம் முடிந்ததும், பத்தரை மணிக்கு, அவனுடைய சொந்தச் சேனலில் அவனுடைய சொந்த மூஞ்சியே வரும். நிகழ்ச்சிக்குப் பெயர் 'பத்தரை மணி பஞ்சாயத்து'. முதல் பாதியில், ரேஷன் கடைக்காரர், தண்ணி லாரி டிரைவர், குழாயடியில் சண்டை போட்ட மாமியார் மருமகள் என்று அந்த வாரம் அகப்பட்டவர்களைப் போல வேஷம் கட்டி நடிப்பான். மறுபாதியில் ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பேட்டி. வந்தவர் ஒரு வார்த்தை பேசினால் அதையே அவர் குரலில் திருப்பிப் பேசிக் காட்டுவான். சிரித்தால் தப்பித்தீர்கள். கோபப்பட்டால் அடுத்த வாரம் நீங்கள்தான் வேஷம். நேரம் முடிந்ததும் மேசை மேலிருக்கும் சைக்கிள் மணியை அடித்து, "பஞ்சாயத்து கலஞ்சிபோச்சி, போய்ப் படுங்க" என்பான்.

நானும் சிரித்தவள்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரேஷன் கடைக்காரர் திக்குவாயை அவன் செய்து காட்டியபோது புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

என் வீட்டுக்காரர் வேதமுத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டர்னராக இருந்தார். தொண்ணூற்று ஒன்றில் இரண்டாவது ஷிப்டுக்கு சைக்கிளில் போனவரை மண்ணூர்பேட்டை திருப்பத்தில் லாரி அடித்துப்போட்டது. அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சினது கல்யாணப் போட்டோ ஒன்று, கம்பெனி அடையாள அட்டை ஒன்று. இரண்டிலும் யாரோ மிரட்டி உட்கார வைத்தது போல இருப்பார். அவர் நடப்பதும் பேசுவதும் சிரிப்பதும் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கள் மகள் ஞானகுமாரி கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு எடுத்த வீடியோ கேசட். ஒரு மணி நேரம். அப்போது அவளுக்குப் பத்து வயது. இப்போது பதினைந்து. அந்தக் கேசட் இல்லையென்றால் அவளுக்கு அப்பன் குரலே இல்லை.

வருஷா வருஷம் அவர் இறந்த நாளன்று கேசட் போடுகிற ஒரு வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து வந்து நானும் அவளும் பார்ப்போம். மற்ற நாளெல்லாம் கேசட் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு தடவை மெழுகுவத்தி சாய்ந்து அதன் ஒரு மூலை உருகிவிட்டது. உள்ளே படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருஷம் போட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் கோடு. பூஞ்சை பிடித்துவிட்டது. துலுக்கானத்தின் கடையில் துடைத்துத் தருவார்கள் என்றார்கள். கொடுத்தேன். "நாளைக்கு வாக்கா" என்றான். பதினைந்து நாளாக அவனுக்கு நாளை விடியவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை தண்ணி லாரி வேஷம் முடிந்து, பேட்டி முடிந்து, மணி அடித்துவிட்டான். வழக்கமாக அதோடு சேனல் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் பறந்தன. பிறகு ஒரு பந்தல். சீரியல் விளக்கு. எங்கள் வாசல்.

விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு எடுத்தது அது. உள்ளே கொஞ்சம் போயிருந்த சந்தோஷத்தில், காலி பிரியாணி தேக்சாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேதமுத்து ஆடுகிறார். எச்சில் இலையில் கால் வழுக்கி விழுகிறார். தேக்சா தெருவரைக்கும் உருண்டு போகிறது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கிறார். கடைசியில் எழுந்து ஓரமாகப் போய், வீட்டுக்குள்ளே பார்த்துக் கேட்கிறார்: "மேரி, எல்லாத்துக்கும் போட்டியே, நீ துன்னியா இல்லியா?"

மொத்தம் நாலு நிமிஷம். தெரு முழுக்க ஒரே சிரிப்பு. எந்த வாரமும் துலுக்கானத்துக்கு அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை. பஞ்சாயத்தில் ஒரு புது வேஷம் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் சிரிப்பைக்கூட அப்புறம்தான் கேட்டேன். முதலில் எனக்குப் புரிந்தது வேறு. நாலு நிமிஷம் மிச்சம் இருக்கிறதென்றால், அதற்கு முன்னால் இருந்த கோயில், பூசை, மகளுக்கு அவர் மோதிரம் போட்டது, மைக்கைப் பிடித்து "என் பொண்ணு" என்று சொல்லி அழுதது எல்லாவற்றின் மேலேயும் இந்தக் கோட்டுப் போட்ட லுங்கிக்காரன் தன் பஞ்சாயத்தைப் பதிந்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் கோயில் பூசைக்குக் கிளம்பினால், எதிர்வீட்டுப் பிள்ளைகள் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தார்கள். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் அந்தப் புதுநன்மை பிரியாணியை இரண்டு தடவை வாங்கித் தின்றவள். அவள் மதில்மேல் எட்டிப் பார்த்து, "உன் ஊட்டுக்காரர்னு தெரிஞ்சிதுடி. ஆனா இன்னா பண்றது, சிரிப்பு வந்துடுச்சி" என்றாள். ஞானகுமாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பூசைக்குப் போகவில்லை. நேரே கடைக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

துலுக்கானம் இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"எங்கடா என் கேசட்டு?"

"இன்னாக்கா, காலங்காத்தால? குந்து."

"குந்த வரல. என் புருஷன் மேல உன் கூத்த ஏத்தி வெச்சிகிற."

அவன் கை கழுவக்கூட இல்லை. "பூஞ்ச புட்ச்ச கேசட்டு அது. இனிமே எதுக்கு ஆவும்னு கடைப் புள்ளாண்டான் எடுத்துப் போட்டுட்டான். கேசட்டு முதுகுல சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு கீது பாரு, அத ஒடச்சி வெச்சிருந்தா மேல எதுவும் பதியாது. ஒடைக்காதது யாரு தப்பு?"

கேட்டீர்களா நியாயத்தை? பூட்டாதவள் வீட்டில் திருடலாம் என்று சட்டம். அந்த இட்லித் தட்டை எடுத்து அவன் டையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது. அவன் அப்போது டை கட்டியிருக்கவில்லை என்பதுதான் குறை.

"மிச்சம் கீறதையாவது குடு" என்றேன்.

"எதுல கீதுன்னு யாருக்குத் தெரியும்? அதோ கீது, தேடிக்க."

கடையில் இருந்த கேசட்டையெல்லாம் புரட்டினேன். மூலை உருகினது இல்லை. மாடியில் அவன் படம் பிடிக்கிற அறைக்கும் போய்ப் புரட்டினேன். ஜன்னலில் கம்பளி, சுவரில் பழைய கோணி, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் துண்டு போர்த்தி நிறுத்திய காமிரா. அங்கேயும் இல்லை. காமிராமேன் பாஸ்கல் எங்கள் கோயில் பங்குப் பையன்தான், புதுநன்மையைப் படம் பிடித்தவனும் அவனே. தலையைத் தூக்காமல் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

துலுக்கானம் பின்னாலேயே ஏறி வந்தான். என் கோபத்தைப் பார்த்ததும் அவன் கண்ணில் வியாபாரம் வந்துவிட்டது.

"அக்கா, மூணு மணிக்கு அடுத்த வாரத்துது எடுக்கறோம். நீயே வந்து குந்து. என்னைத் திட்டணுமா, திட்டு. தெரு முழுக்கப் பாக்கட்டும். முடிஞ்சதும் நானே தேடி எடுத்துத் தர்றேன்."

"வாணாம்மா. மொதல்ல கேசட்ட குடுக்கச் சொல்லு" என்றாள் ஞானகுமாரி என் முழங்கையைப் பிடித்து.

நான் கையை உதறினேன். எனக்குக் கேசட் வேண்டும்தான். ஆனால் அந்த நிமிஷம் அதைவிடப் பெரிதாக வேறொன்று வேண்டியிருந்தது. சிரித்த நானூறு வீட்டையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். வாயை மூட வைக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் போனேன். சத்தம் பதியும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். அறை வெந்தது. பாஸ்கல் துண்டை எடுத்துவிட்டு, "ஓடுது" என்றான். துலுக்கானம் முதலில் கறிக்கடைக்காரர் வேஷத்தைக் கட்டி ஆடினான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தான். லுங்கியை நான் மட்டும் பார்த்தேன்.

"வணக்கம்க்கா. ரொம்பக் கோவமா கீறீங்கோ?"

"செத்தவன காட்டி சிரிக்க வெச்சா கோவம் வராதா?"

அவன் உடனே கழுத்தைக் கோணி, மூக்கால், என் குரலிலேயே, "செத்தவன காட்டி சிரிக்க வெச்சா" என்றான். அச்சு அசல் நான். என் தலையாட்டல்கூட.

ஞானகுமாரி கதவோரம் நின்றிருந்தாள். பாஸ்கல் சிரிக்கவில்லை. துலுக்கானம் நான் சிரிப்பேன் என்று காத்திருந்தான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"பேசு. என்னாட்டமே பேசு. உனக்கு சொந்தமா ஒரு கொரலு கீதாடா? ஊருல கீறவன் கொரலையெல்லாம் திருடித் துன்றவன் நீ. என் புருஷன் கொரலையும் துன்னுட்ட."

அதையும் அவன் திருப்பிச் சொல்லப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை. காமிராவைப் பார்த்துத் திரும்பினேன். "ஜெகதாம்பா, நீ சிரிச்ச. எங்க ஊட்டுப் பந்தல்ல துன்ன வாயாலயே சிரிச்ச. எதிர் ஊட்டு ராஜம்மா, உன் பசங்க சட்டிய கவுத்துகினு ஆடுதுங்க, நீ பாத்துகினு நிக்கற." ஒவ்வொரு வீடாக எடுத்தேன். யார் யார் அவரிடம் அவசரத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள், யார் வீட்டு மோட்டாரை அவர் ராத்திரியில் சரிபண்ணிக் கொடுத்தார், அவர் சவ ஊர்வலத்துக்கு யார் வரவில்லை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே குளிர்ந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு நேரம் பேச விட்டதில்லை.

துலுக்கானம் மணியை அடித்தான். "பஞ்சாயத்து கலஞ்சி..."

எட்டி அந்த மணியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "எனக்கு இன்னும் கலயல. நீ குந்து."

பாஸ்கல் காமிராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினான். கதவோரத்திலிருந்து ஞானகுமாரி, "போதும்மா" என்றாள். நான் பேசினேன். ரேஷன் கடைக்காரர் திக்குவாய்க்கு நானும் சிரித்தேன் என்பதைக்கூடச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாக்கு வறண்ட பிறகுதான் நிறுத்தினேன்.

துலுக்கானம் லுங்கியால் முகத்தைத் துடைத்தான். "அக்கா, செம்ம. இந்த மாரி ஒரு ப்ரோகிராம் இதுவரைக்கும் வந்ததில்ல."

"கேசட்டு" என்றேன்.

பாஸ்கல் காமிராவின் பக்கவாட்டைத் திறந்து கேசட்டை வெளியே எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். அதன் ஒரு மூலை உருகியிருந்தது.

நான் போய் அதை அவன் கையிலிருந்து வாங்கினேன். புதிதாக வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உருகின இடத்தைத் தடவிப் பார்த்தேன். அதேதான்.

"மேரிக்கா, எனக்குத் தெரியாது" என்றான் பாஸ்கல். அழுதுவிடுவான் போலிருந்தது. "ராத்திரி ஓடி முடிஞ்சதும் கடைப் புள்ளாண்டான் ஏதோ ஒரு கேசட்ட சுத்தி காமிராவுல போட்டு வெச்சிடுவான், எதுன்னு நான் பாக்கல. எப்பவும் அப்டித்தான்."

காலையில் நான் அறை முழுக்கத் தேடியபோது அது அந்தத் துண்டுக்குக் கீழே, காமிராவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"அய்யய்யே" என்றான் துலுக்கானம். ஒரு நிமிஷம் அவனுக்கும் முகம் செத்துத்தான் போனது. அப்புறம் அவன் புத்தி அவனுக்கு வந்துவிட்டது. "இதோ பாரு, நான் நேரத்துக்கு மணி அடிச்சேன். எப்பவும் அடிக்கிற நேரம்தான். அத்தோட நின்னிருந்தா உன் நாலு நிமிசம் அப்டியே இருந்திருக்கும். நீதான் மணிய பிடுங்கிக்கின."

நாற்காலியிலிருந்து எழுந்தபோதே மடியிலிருந்த மணி கைக்கு வந்திருந்தது. அவன் மேல் வீசினேன். தோளில் பட்டு, கணீரென்று அடித்துவிட்டுக் கீழே விழுந்தது. "கேசட்ட வெச்சிட்டுப் போ, அதுல என் ப்ரோகிராம் கீது" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தான். பாஸ்கல் குறுக்கே நின்றான். அவ்வளவு வருஷத்தில் அந்தப் பையன் செய்த ஒரே நல்ல காரியம் அது. கீழே இறங்கும்போது கடை மேசையிலிருந்த டெக் ஒன்றையும் தூக்கிக்கொண்டேன். கேட்கவில்லை.

வீட்டில் ஞானகுமாரிதான் ஒயரை மாட்டினாள். கேசட் விட்ட இடத்திலிருந்து ஓடியது. வெள்ளைப் புள்ளிகள். பிறகு காலிப் பந்தல், இடுப்பளவுக்கு அவர் முதுகு. "நீ துன்னியா இல்லியா?" அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது.

மேரி என்று கூப்பிட்டதுகூடப் போய்விட்டது.

அவள் ஒரு சொடுக்கு பின்னால் சுற்றினாள். அதிகமாகப் போய்விட்டது. திரை முழுக்க நான். கழுத்து நரம்பு புடைக்க, தலைமயிர் ஒட்டிக்கொண்டு, விரலை நீட்டி ஜெகதாம்பாளைக் கேட்கிறேன். சனிக்கிழமை அவன் போட்டிருந்தால் தெரு விழுந்து விழுந்து சிரித்திருக்கும். கத்திக் கத்தி நான் போக, அந்தப் பக்கம் அவர் முதுகு வந்தது. "நீ துன்னியா இல்லியா?" மறுபடி சுற்றினாள். மறுபடி நான். அவரிடம் போக வேண்டுமென்றால் என் கத்தலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்கள். அதற்காவது அது வழக்கம்.

"மணி அடிக்கும்போதே வுட்டிருக்கலாம் இல்லம்மா?" என்றாள் ஞானகுமாரி. சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

என் குரலெல்லாம் அந்தக் கேசட்டில் இருந்தது. அதை வெளியே எடுத்து, கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, முதுகிலிருந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டை நெம்பி உடைத்தேன். உடைய ஒரு நொடி ஆனது. ஞானகுமாரி என் மூஞ்சியைப் பார்க்காமல் கேசட்டை வாங்கி மறுபடியும் டெக்கில் போட்டாள்.