முப்பதாம் நோன்பு காணாமல் போன வருஷம்

இங்கிலீஷ் மாசங்களெல்லாம் சம்பளக்காரர்களின் சமாச்சாரம் என்பது உம்மு சல்மாவின் கட்சி. அவள் கணக்கெல்லாம் பிறைதான். யார் வீட்டு நிக்காஹ் எப்போது, யார் இரவல் வாங்கிப் போன அண்டா என்றைக்குத் திரும்பி வரவேண்டும், எல்லாம் பிறை ஒன்பது, பிறை பதினேழு என்று அவள் மனசில் வரிசை கட்டி நிற்கும். ஒன்றும் தப்பாது. அவள் புருஷன் ஷேக் தாவூத் சதுரங்கப்பட்டினத்தில் சவுக்குக் கம்பு விற்கிற தொட்டி வைத்திருந்தார். அவருக்கோ இன்று என்ன கிழமை என்று கேட்டாலே தலை சுற்றும்.

அதனால்தான் போன வருஷம் வருமான வரியின் மூன்று தவணையும் பிந்திப் போய், அபராதம் கட்டி, ஆடிட்டர் திருநாவுக்கரசிடம் வாங்கியும் கட்டிக்கொண்டார். இந்த வருஷம், அதாவது எழுபத்தேழில், அப்படி விட முடியாது. மாமல்லபுரம் கடற்கரையில் புதிதாக எழும்பும் ஓட்டலுக்கு ஒரு வருஷம் சவுக்குக் கம்பு சப்ளை செய்யும் வாய்ப்பு வாசல் வரை வந்து நின்றது. ஓட்டல் முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: இந்த வருஷத்து முதல் இரண்டு வரித் தவணையும் நாள் தவறாமல் கட்டிய ரசீது வேண்டும், ஒன்று பிந்தினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன். ஜூன் தவணை கட்டியாயிற்று. அடுத்தது எப்போது என்று சல்மா கேட்டதற்கு ஷேக் தாவூத் தொட்டியில் தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்து வந்து சொன்னார்.

"பெருநாளைக்கு மொத நாளு."

சல்மா அதை முப்பதாம் நோன்பு என்று மனசில் முடிந்துகொண்டாள். செய்யூரிலிருந்து வரவேண்டிய பணம் இருபத்தொன்பதாம் நோன்பன்று மத்தியானம் வந்து சேர்ந்தது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய் பேங்கில் கட்டிவிட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பார்த்து நின்றது. சல்மாவும் மாடியேறினாள். நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டை இன்னும் வாயில் இருந்தது.

"பிறை! அதோ பிறை!"

நகத்தைக் கிள்ளிப் போட்ட மாதிரி மெல்லிசாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. தெருவெல்லாம் ஒரே கூச்சல். பள்ளிவாசலில் தக்பீர் கிளம்பிற்று. சல்மாவும் கையேந்தி துஆ கேட்டாள். பாதி துஆவில் விரலை மடக்கி நாள் எண்ணினாள். பிறை தெரிந்தால் நாளைக்கே பெருநாள். அப்படியானால் இந்த வருஷம் முப்பதாம் நோன்பே கிடையாது. பெருநாளைக்கு முதல் நாள் என்பது இன்று. பேங்க் மூடி நாலு மணி நேரம் ஆயிற்று.

படியில் தடதடவென்று இறங்கினாள்.

"இன்னாங்க, மோசம் போயிட்டோம்! கட்ட வேண்டிய நாளு இன்னிக்கிதான்!"

விஷயம் புரிந்ததும் ஷேக் தாவூத் ஆட்டுக்கறிப் பாத்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் துக்க வீட்டுக்காரர் மாதிரி தலையாட்டினார். சல்மாவுக்குப் பிறை மேலேயே கோபம் வந்தது. ஒரு நாள் பொறுத்து வந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? நினைத்த மறுகணமே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டு ஆபிரகாம் வந்தார். செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் பியூன்.

"பெருநாள் வாழ்த்து, பாய்! ஆனா நாளைக்கி பிரியாணிக்கு என்னால வர முடியாது. எனக்கு டூட்டி கீது."

"பெருநாளுக்குக் கூடவா?" என்றாள் சல்மா.

"எங்க லிஸ்ட்ல ரம்ஜான் லீவு பதினாறாந்தேதினு அச்சடிச்சிகீது அக்கா. நாளைக்கி பதினஞ்சுதான்."

சல்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏங்க, ஆடிட்டரு பெருநாளுன்னா சொன்னாரு?"

"இல்ல... அவரு செப்டம்பர் பதினஞ்சுனுதான் சொன்னாரு. காலண்டர்ல பதினாறு பெருநாளுன்னு போட்டிருந்திச்சா, உனக்கு வெளங்கட்டும்னு நான்தான்..."

"அப்போ பிறைதான் ஒரு நாள் முந்திச்சி. சர்க்கார் தேதி அங்கியேதான் நிக்குது!"

சல்மாவுக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கவில்லை, ஏனென்றால் ஆபிரகாம் அடுத்த வார்த்தையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்.

"ராத்திரிக்குள்ள லீவை நாளைக்கி மாத்தினாலும் மாத்திடுவாங்க அக்கா. சொல்ல முடியாது."

ரேடியோவில் நாளை பெருநாள் என்றார்கள். பேங்க் லீவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் தொழுகை முடிந்ததும் கட்டித் தழுவல் ஆரம்பமாயிற்று. ஷேக் தாவூதை விட்டால் ஊர் மொத்தத்தையும் மும்மூன்று தடவை தழுவிவிட்டுத்தான் வருவார் என்று சல்மாவுக்குத் தெரியும். புதுச் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பள்ளிவாசல் தெரு முனையிலேயே போய் நின்றாள். ஜெயினுலாபுதீன் ஹாஜியார் மூன்றாவது தழுவலுக்குக் கை விரித்தபோது பஸ் ஹாரன் கேட்டது. "பாக்கி வந்து தரேன் ஹாஜியாரே!" என்று ஷேக் தாவூத் ஓட, அத்தர் மணக்க இரண்டு பேரும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவர் புதுச் சட்டைப் பையைத் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"செலான் பழைய சட்டையில..."

"எங்கிட்ட கீது," என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள் சல்மா. "பணமும்தான். உங்களை நம்பியா வந்தேன்?"

செங்கல்பட்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். திருப்பம் திரும்புகிற வரை சல்மா மூச்சு விடவில்லை. பேங்கின் இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி எழுந்து நின்றுவிட்டான்.

கேஷியர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பாய், புதுத்துணியெல்லாம்? ரம்ஜான் நாளைக்குத்தான?"

"உங்களுக்கு நாளைக்கி. எங்களுக்கு இன்னிக்கி," என்றாள் சல்மா.

ரப்பர் முத்திரை டொப்பென்று விழுந்தது. ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மை ஈரத்தோடு பதினைந்து பளிச்சென்று இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. ஓட்டலும் சவுக்கும் ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்த வருஷம் எந்தக் கொம்பனும் தன் வீட்டுக்காரரைப் பார்த்துத் தேதி தெரியாதவர் என்று சொல்ல முடியாது.

"அடுத்த தவணை எப்போங்க?" என்று கேஷியரிடமே கேட்டாள்.

"டிசம்பர் பதினஞ்சும்மா."

ஷேக் தாவூத் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் உற்சாகமாகத் திரும்பினார். "டிசம்பரா? அப்போ மொஹரம் பிறை—"

பேங்கில் இருந்த அத்தனை பேர் பார்க்க, மருதாணிக் கையால் அவர் வாயைப் பொத்தினாள் உம்மு சல்மா.