கடைசி ரொட்டி

1.

இந்தக் கதை என் அக்காவின் நச்சரிப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "கடை திறந்து ஆறு நாளாச்சு. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போயாச்சு. நீ ஒருத்தன்தான் எழுதறேன் எழுதறேன்னு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கே" என்றாள்.

போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுத் திறந்திருக்கும் இயற்கை மளிகைக் கடை. முதலாளி என்று தனியாக யாரும் இல்லை. எல்லோரும் முதலாளி, முறைவைத்து எல்லோரும் வேலையாள்.

முதல் வரி இப்படி வந்தது: "பருப்பின் வாசனை அவனைக் கைநீட்டி வரவேற்…"

(வேண்டாம். பருப்புக்கு வேறு வேலை இல்லையா?)

2.

உள்ளதைச் சொல்கிறேன். கதவருகே தராசு. கொண்டுவந்த காலி டப்பாவை முதலில் எடை போட்டு, அடியில் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று அங்கே பல் டாக்டரின் முறை. என் டப்பாவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஈரம் இருக்கு. நல்லா தொடைச்சிட்டு வாங்க" என்றார். கிளினிக்கில் சொல்லும் அதே குரல்.

பின்சுவரை ஒட்டி அக்காவின் தட்டு. இருபது வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள், வேலையை விட்டுவிட்டு ரொட்டி சுடுகிறாள். தினமும் பன்னிரண்டு. முதல் வாரம் சோதனை: ஆறு நாளில் ஒரு நாளாவது தட்டு காலியாக வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. சுடுபவரின் உறவுக்காரர்கள் வாங்கக் கூடாது.

(அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: இந்த விதியைக் கொண்டுவந்ததே அக்காதான். சலுகை காட்டினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.)

ஐந்து நாளும் பதினொன்று விற்றன. ஐந்து நாளும் ஒன்று மிஞ்சியது. இன்று ஆறாவது நாள், இன்றும் தட்டில் ஒன்று மிச்சம்.

3.

முதலில் ஒரு பொறாமைக்காரியை உருவாக்கி, பழியை அவள் தலையில் போட்டேன். கடை முழுக்கத் தேடியும் அப்படி ஒருத்தி அகப்படவில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

அகப்பட்டவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மிஞ்சியிருந்த ரொட்டியைக் காகிதத்தோடு எடுத்தார், முகர்ந்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"ஏன் சார், பிடிக்கலையா?"

"பிடிக்காமயா? மூணு நாளா இதுதான் சாப்பிடறேன். ஆனா கடைசி ஒண்ணு பாருங்க தம்பி. நாமளே எடுத்துட்டா, வர்றவங்க வெறுந்தட்டையா பாக்கறது? நம்ம கடையாச்சே!"

அவருக்குப் பின்னால் வந்த ஒரு டீச்சரும் அப்படியே எடுத்து, அப்படியே வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டு முதலாளிகளும் வாடிக்கையாளருக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர் என்று ஒருவர் வர வேண்டாமா?

கல்லாவில் நின்ற அக்காவிடம் ஓடினேன். "உன் ரொட்டியில ஒரு குறையும் இல்லக்கா. மரியாதைதான் கெடுக்குது."

கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "யார்கிட்டயும் போய்ச் சொல்லிடாதே. அப்புறம் எனக்காக வாங்கினதா ஆயிடும். பிடிச்சு எடுக்கணும்."

4.

முடிவு ஒன்று: ஓட்டுநர் மனம் மாறித் திரும்பி வருகிறார். (பேருந்தையே பின்னால் எடுக்கப் பிடிக்காத மனிதர்.)

முடிவு இரண்டு: மூடும் நேரத்தில் ஒரு சின்னக் குழந்தை ஓடி வந்து… (கதை மாட்டிக்கொண்டால் குழந்தையை அனுப்பித் தப்பிப்பது என் பழக்கம். அக்காவே கண்டுபிடித்துவிடுவாள்.)

மணி ஐந்து ஐம்பது. ஆறுக்கு அடைப்பார்கள். ரொட்டி தட்டில் இருக்கிறது. நான் தம்பி, தொடக் கூடாது. கல்லாவில் அக்கா தட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நீங்கள் பங்குதாரரும் இல்லை, எங்களுக்கு உறவும் இல்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்தும்விட்டீர்கள். எடுத்து முகர்ந்து பாருங்கள். பிடித்தால் மட்டும் எடுங்கள்.

அக்கா கேட்டால், இந்த நான்காவது பகுதியை நான் எழுதவே இல்லை.

பை கொண்டுவந்திருக்கிறீர்களா?