பத்தாவது வயல்

எங்கள் கம்பெனியில் ஒரு பயிர் மருந்து விற்பனைக்குப் போவதற்கு முன்னால், பத்து விவசாயிகளின் நிலத்தில் பரீட்சை எழுதியாக வேண்டும். ஒவ்வொரு வயலிலும் பாதிக்கு மருந்து, பாதி வெறுமனே. எவ்வளவு கலந்தார், என்றைக்கு விதைத்தார், பயிர் எப்படி இருக்கிறது என்று விவசாயியே தன் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வருவார். அந்த நோட்டும் கள அதிகாரியின் குறிப்பும் ஒத்துப்போகாவிட்டால் வேறொரு அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தெளிப்பான் ரிப்பேர் செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளி, இரண்டே அறையில் தொடங்கிய கம்பெனியை நானூறு பேர் வேலை செய்யும் இடமாக வளர்த்தது இந்த ஒரு பிடிவாதத்தால்தான். புதிதாகச் சேருகிறவர்களிடம், "நம்ம ஆராய்ச்சிக்கூடத்துல பாதி அவங்க நிலத்துலதான் இருக்கு" என்பார்.

புதிய வேர் மருந்துக்கு நான்தான் கள அதிகாரி. மக்காச்சோள விதையில் புரட்டி விதைக்கிற மருந்து. ஒன்பது வயல்களில் பயிர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றது. பத்தாவதில் மட்டும் மருந்து போட்ட பாதி மஞ்சள் பாய்ந்து குன்றிப்போனது.

அது என் கணவரின் வயல்.

அவர் நிலத்தைப் பட்டியலில் சேர்த்த நாளிலிருந்தே அலுவலகத்தில் கிண்டல். "பாருங்க, அக்கா வீட்டு வயல்ல மட்டும் பயிர் கூரையைத் தொடும்" என்று பக்கத்து மேஜைக்காரன் தினமும் சொல்வான். வீட்டுக்காரருக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். அதனால் அவர் நோட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது சரியாகக்கூடப் படிக்கவில்லை.

"அளவு கூடிருக்கும்ங்க."

"கிலோவுக்கு அஞ்சு மில்லி. நீ குடுத்த மூடியிலதான் அளந்தேன்."

"ஒன்பது பேருக்கு நல்லா வந்திருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி?"

"அதைத்தானே நானும் கேக்கறேன். வந்து பாரேன்."

போகவில்லை. நம் வீட்டு விஷயத்துக்கு இன்னொரு அதிகாரி எதற்கு என்று அந்த விதியையும் நானே தாண்டினேன். அறிக்கையில், ‘பத்தாவது வயல்: விவசாயி தவறு, அளவு கூடுதல், கணக்கில் சேர்க்கவில்லை’ என்று எழுதினேன். என்ன நேர்மை என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செய்தி எப்படியோ வெளியே போனது. டீக்கடையில் அவருக்கு ‘டபுள் டோஸ்’ என்று பெயர் விழுந்தது. "வாங்க டபுள் டோஸ், சக்கரையை நாங்க போடட்டுமா, நீங்களே போட்டுக்கறீங்களா?" அவர் சிரித்துவிட்டு வந்துவிடுவார். பிறகு டீக்கடைக்கே போவதை நிறுத்திக்கொண்டார். அதை எங்களோடு இருக்கும் நாத்தனார் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம், அந்த வேர் மருந்தின் மாதிரிப் புட்டி வாங்கிப்போன ஒரு பெண் விவசாயி போன் செய்தார். போய்ப் பார்த்தேன். அதே மஞ்சள், அதே குன்றல்.

"போன பருவம் இந்த நிலத்துல என்னக்கா பண்ணீங்க?"

"களை புடுங்க ஆள் கிடைக்கல. களைக்கொல்லி அடிச்சேன். உங்க கம்பெனியோடதுதான்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்ற ஒன்பது வயல்களிலும் ஆள் வைத்துக் களை எடுத்தார்கள். எங்கள் வயலில்தான் களைக்கொல்லி. அதைச் சுமந்து வந்து கொடுத்ததே நான். மண்ணில் தங்கிய மிச்சத்தோடு புது மருந்து சேரவில்லை. அவர் கூப்பிட்ட அன்றைக்கே போயிருந்தால் இதே கேள்வியை எனக்கு நானே கேட்டிருப்பேன்.

நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் கிடங்குக்குப் போன் செய்து, வண்டியில் ஏற்றிய பெட்டிகளை இறக்கச் சொன்னார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பத்துல ஒண்ணு கெட்டுப்போனா அதுல தப்பில்லம்மா. களைக்கொல்லி அடிச்ச நிலத்துக்கு வேண்டாம்னு லேபிள்ல ஒரு வரி போட்டிருப்போம். வேற யாராவது கூப்பிட்டிருந்தா போய்ப் பாத்திருப்பியா?"

"பாத்திருப்பேன் சார்."

"அப்போ உன் வீட்டுக்காரர் விவசாயி இல்லையா?"

திருத்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "விவசாயி கையெழுத்து இல்லாம இது செல்லாது. வாங்கிட்டு வா."

வீட்டில் என் கணவர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைக்கவேயில்லை. முடித்ததும், "அந்தம்மாவோட பயிர் என்னாச்சு?" என்றார்.

"நஷ்டத்தைக் கம்பெனி ஏத்துக்கும். நம்மளதையும்தான்."

"நல்லது."

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். ‘விவசாயி தவறு’ என்பதற்குப் பதிலாக ‘மருந்தின் குறை’ என்று நான் எழுதியிருந்ததைப் படித்தார். விரல் ஒரு கட்டத்தின் மேல் நின்றது.

"முதல்ல தப்பா எழுதினதுக்குக் காரணம்னு கேட்டிருக்கான். ஏன் காலியா விட்டே?"

"அது... கவனக்குறைவுன்னு போட்டுடறேங்க."

"கவனமாதானேம்மா பண்ணே."

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பேனாவைத் திறந்தேன். அறிக்கை அறிக்கையாக எழுதித் தள்ளிய கைக்கு அந்த ஒரு வரி வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எழுதினேன்: ‘விவசாயி என் கணவர் என்பதால் அவர் சொன்னதை நான் நம்பவில்லை.’

அவர் இரண்டு தடவை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். எண்ணெய்க் கை பட்டுக் காகிதத்தின் ஓரம் கறுத்துப்போனது.

"இதை முதலாளி படிப்பாரா?"

"எல்லாரும் படிப்பாங்க. அலுவலகத்துப் பலகையில ஒட்டுவாங்க."

"ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மோட்டாரின் பக்கம் திரும்பினார். நான் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சற்றுப் பொறுத்து, என்னைப் பார்க்காமலே கையை நீட்டி, "அந்த நட்டை எடு" என்றார்.