பன்னிரண்டு டிரம் சேறு

தொட்டியில் நுரை வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் என் கணவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். நான்கு பிளாக், இருநூறு வீடு. குளித்தது, துவைத்தது, கழித்தது எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். பன்னிரண்டு வருடமாகக் கெட்டி டீ நிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்த தொட்டி, அந்தத் திங்கட்கிழமை காலையில் சாம்பல் பூத்துக் கிடந்தது. எப்போதும் வரும் ஈரமண் வாசனையைக் காணோம். அழுகல் நாற்றம்தான் வந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"செத்துட்டு இருக்குதுங்க," என்றார்.

தொட்டிக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத்தான் சொன்னார். அவருக்கு அவை பிள்ளைகள். எனக்குச் சக்களத்திகள். கல்யாணமான புதிதில் ஊர் உலகத்தில் எல்லோரும் பெண்டாட்டியை எங்கெங்கோ கூட்டிப்போவார்கள். இந்த மனிதர் என்னைத் தொட்டிக்குக் கூட்டிவந்து, பழைய மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுச் சேற்றைக் காட்டினார். மெல்லிய தண்டுகளின் நுனியில் குட்டிக் குட்டி மணிகள். ஒன்று சட்டென்று சுருங்கி, பிறகு யாரும் பார்க்கவில்லையே என்பதுபோல மெதுவாக நிமிர்ந்தது. "இதுங்க எல்லாம் ஒரு வாரம் லீவு போட்டுச்சுன்னா உலகமே நாறிடும். செத்தது, அழுகினது எல்லாத்தையும் தின்னு, செடி கொடிக்கு ஆகாரமா திருப்பிக் குடுக்கறதே இதுங்கதான்," என்று மூச்சுவிடாமல் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அவற்றைக் கொன்றது நான்தான்.

அதே குடியிருப்பில் துப்புரவுப் பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். சனிக்கிழமை லிஃப்டில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் பக்கத்துல இருந்துதான் வாடை வருது," என்றார். வாடையைச் சொன்னாரா, அவரையே சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. மனசு கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு, என் கணவருக்கு விடுமுறை. நான் எட்டுப் பை ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து நான்கு பிளாக் சாக்கடையிலும் ஊற்றினேன். மீதியைத் தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழியிலேயே கொட்டித் தேய்த்தேன். ஒரு பிளாக்குக்கு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது என்று அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். என் ரோஷத்தில் அது எங்கே ஞாபகம் வந்தது? காலையில் அவர் வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கும், யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது என்று நினைத்தேன். காலிப் பைகளைப் பம்ப் அறைக்குப் பின்னால் திணித்துவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள சரியாகலைன்னா தொட்டியை வெளிக் கம்பெனிகிட்ட விட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார். தொட்டியிலிருந்து வரும் தண்ணீர்தான் தோட்டத்துக் குளத்துக்கும் போகிறது. அன்று சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தவளைச் சத்தமே இல்லை. என் கணவர் குளத்துக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து அந்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

"வேற தொட்டியில இருந்து உயிருள்ள சேறு கொண்டாந்து ஊத்தினா பொழைச்சுக்கும்," என்றார் வீட்டில். என் அண்ணன் ஒரு கல்லூரி விடுதியில் இதே வேலைதான் பார்க்கிறார். ஆனால் இரண்டு வருடமாக இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். யார் தொட்டிச் சேறு உசத்தி என்று ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்த சண்டை.

"அண்ணன்கிட்ட கேக்கட்டுமா?"

"கேட்டுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு."

நான் கேட்கவில்லை. போனில் அழுதேன், அவ்வளவுதான். எட்டுப் பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் "எட்டா!" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

மறுநாள் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பன்னிரண்டு டிரம். அண்ணன் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நேராக அவரிடம் போனார்.

"மாப்ளே, என் தொட்டியில சேறு மிஞ்சிப் போச்சு. கொட்ட எடம் இல்லாம அலையறேன். நீங்க மனசு வச்சா உண்டு."

என் கணவர் ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தார். குனிந்து முகர்ந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். 

"நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க மச்சான்," என்றார் கடைசியில். 

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊற்றினார்கள். அடுத்த நான்கு நாளும் அவர் சாப்பிட மட்டும்தான் வீட்டுக்கு வந்தார். தொட்டிக்குள் ஊதும் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் முகர்ந்து பார்ப்பதுமாக, காய்ச்சல் கண்ட பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர் போலவே இருந்தார். வியாழக்கிழமை நுரை பழுப்புக்குத் திரும்பியது. சனிக்கிழமை மைக்ராஸ்கோப்பைவிட்டு எழுந்து, எனக்கு இடம் விட்டார். நான் குனிந்து பார்த்தேன். தண்டும் மணியுமாக ஒன்றே ஒன்று. சுருங்கியது, நிமிர்ந்தது. கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டித் தண்ணீரை உயரமான கண்ணாடிக் குடுவையில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தார். உயிருள்ள சேறு என்றால் கனத்து அடியில் இறங்கும். மேலே தெளிவு நிற்கும். அதை அப்படியே மீட்டிங்கில் கொண்டுபோய்க் காட்டுவதாகத் திட்டம்.

"சூப்பர்வைசர் அம்மா, மேஜை டிராயர்ல ரிஜிஸ்டர் இருக்கு, எடுத்துக்கிட்டு வா," என்றார்.

டிராயரை இழுத்தேன். ரிஜிஸ்டருக்கு அடியில், ஓரம் ஓரமாக மடித்துச் சணலால் கட்டிய எட்டுக் காலிப் பைகள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று எடுத்து வைத்திருக்கிறார். ரிஜிஸ்டரில் திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். நிறம்: சாம்பல். வாடை: அழுகல். காரணம் என்ற இடத்தில் அவருடைய குண்டுக் கையெழுத்தில், 'ஆபரேட்டர் கவனக்குறைவு.' கீழே ஒப்பமும் போட்டிருந்தார்.

ஒரு வாரமாக ஒரே தட்டில் சாப்பிடாத குறை. ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்த மனிதர். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'எட்டுப் பை ப்ளீச்சிங் பவுடர். கொட்டியது நான்,' என்று எழுதி, என் ஒப்பத்தைப் போட்டேன்.

"என்ன இவ்வளவு நேரம்?"

"பேனா எழுதலைங்க."

அவர் குடுவையை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அடியில் மூன்றில் ஒரு பங்கு பழுப்புச் சேறு. அதற்கு மேல் அவர் சட்டைப் பொத்தான் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். "மெதுவா வா, கலங்கிடப் போகுது," என்றார். ரிஜிஸ்டரை மார்போடு பிடித்துக்கொண்டு, அவர் காலடிக்குக் காலடி வைத்து நானும் படியேறினேன்.