தங்கையின் அனுபவச் சான்றிதழ்: மூன்றாவது வரைவு

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் தங்கை லிஃப்ட் பொறியாளர். வெளிநாட்டில் வேலையோடு நிரந்தரமாகக் குடியேற விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பத்தாண்டு வேலை பார்த்ததற்கு அவளுடைய நிறுவனம் அனுபவச் சான்றிதழ் தர வேண்டும். அங்கே வழக்கம் என்னவென்றால், கேட்பவரே எழுதிக்கொண்டு போக வேண்டும்; மேலாளர் கையெழுத்து மட்டும் போடுவார். தன்னைத் தானே புகழ அவளுக்குக் கூச்சம்.

"நீதான் கதை எழுதுறியே, இதையும் எழுதிக் குடு" என்றாள்.

(என் எழுத்தை அவள் மதித்துச் சொன்ன ஒரே வாக்கியம். மதித்துத்தான் சொன்னாளா என்று கேட்காதீர்கள்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'மழை பெய்துகொண்டிருந்தது. பதினோராவது மாடிக்குச் சற்றுக் கீழே எட்டுப் பேர் லிஃப்டில் சிக்கிக்கொண்டு...'

நிறுத்திவிட்டேன். விசா அலுவலகத்துக்கு மழை வேண்டாம். என்ன வேலை, எத்தனை ஆண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அவ்வளவுதான் வேண்டும்.

இரண்டாவது வரைவில் அடக்கி வாசித்தேன். ஆனாலும் கை சும்மா இருக்குமா? 'கம்பி உரசும் சத்தத்தைத் தரைத்தளத்தில் நின்று கேட்டே, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். இவர் இல்லையென்றால் இந்த நகரத்தில் பாதிப்பேர் படியேறித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.'*

* பாதிப்பேர் என்பது கொஞ்சம் அதிகம். கால்வாசி என்று திருத்திக்கொள்ளவும்.

3

மேலாளர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். பத்தாண்டுகளில் தங்கை கொடுத்த ஒரு அறிக்கையைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் இந்த இரண்டாவது வரைவுக் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் படித்தார்.

"இவ்வளவு வேலை தெரிஞ்சவங்களா நீங்க? உங்கள விட்டுட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?"

சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. பதவி உயர்வு ஆணையில் போட்டார்: நிர்வாகத் துணைத் தலைவர். அந்த நாட்டில் ஆள் தேவைப்படும் வேலைகளின் பட்டியலில் லிஃப்ட் பொறியாளருக்கு இடம் உண்டு, துணைத் தலைவருக்கு இல்லை. துணைத் தலைவர்கள் அங்கேயும் தாராளமாகக் கிடைப்பார்கள் போலிருக்கிறது.

ஆணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"உன்ன யாரு நல்லா எழுதச் சொன்னது?"

இதுவரை என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுதான் சிறந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. நாளை, வெள்ளிக்கிழமை மாலைக்குள் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

4

இங்கே கதாசிரியன் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. படிக்காத மனிதர் எப்படிப் படித்தார்?

சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் முதல் வரியை உங்களிடம் மறைத்துவிட்டேன். 'எங்கள் மேலாளரின் ஒப்பற்ற தலைமையில்' என்று தொடங்கியிருந்தேன். தன்னைப் பற்றியது என்றால் எவரும் கடைசிவரை படிப்பார்கள். கதை எழுதுகிறவனுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும்?

உள்ளறையில் அப்பா படுத்திருக்கிறார். அவருக்கு ஊசி போடுவது, மருத்துவரிடம் கூட்டிப்போவது, சண்டை போட்டுச் சாப்பிட வைப்பது எல்லாம் அவள்தான். அந்த வேலையில் எனக்கு ஒரு நாள் அனுபவம்கூடக் கிடையாது. அவள் இல்லாத இந்த வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

5

மூன்றாவது வரைவு: 'இவர் எங்களிடம் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். வாரத்துக்கு நாற்பது மணி நேரம். லிஃப்டுகளைப் பராமரித்தார்.'

நாளைக் காலை கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டுக்குள் இதைச் செருகிவிடலாம் என்கிறாள். இவ்வளவு சப்பென்று இருந்தால் அவர் நிச்சயம் படிக்கமாட்டார். ஆனால் இன்னொரு நல்ல வரி என்னிடம் தயாராக இருக்கிறது. அதை முதலில் சேர்த்தால் படித்துவிடுவார்.

சேர்ப்பேனா? காகிதத்தை உங்களிடமே விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன், அவள் கூப்பிடுகிறாள்.

"அண்ணா, கைய கழுவிட்டு வா. இந்த ஊசிய எப்படிப் பிடிக்கணும்னு இன்னிக்குப் பாத்துக்கோ."